தொலைபேசியில் ‘சரி’ என்று சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பின் கேள்வி பதில் பகுதியில் ஒரு பெண்மணி கேட்டிருந்தார். கணவர் வேலைப் பயிற்சிக்காக 6 மாதம் வெளியூர் போயிருக்கிறார், வீட்டில் தனியாகச் சமாளிக்க முடியவில்லை, என்ன செய்வது என்று. பதில் எழுதியவர் புதிதாக ஒரு கலையைக் கற்றுக்கொள்ளுங்கள், தோழிகளைச் சந்தியுங்கள், தினமும் காலாற நடந்துவிட்டு வாருங்கள், நாட்குறிப்பு எழுதுங்கள் என்று சொல்லியிருந்தார். நான் அதைப் படித்தது இரவு பத்தரை மணிக்கு, துவைத்த துணியை மடித்துக்கொண்டே. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கொஞ்சம் கோபமும் வந்தது.

நானும் அந்தப் பெண்மணியின் கட்சிதான். என் மனைவி விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைக்கு, அதாவது விமானிகளுக்கு வானொலியில் உத்தரவு கொடுக்கும் வேலைக்கு, பயிற்சி எடுக்கப் போய் 5 மாதம் ஆகிறது. இன்னும் 4 மாதம் பாக்கி. வீட்டில் நான், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், 3 வயது மகன். எனக்குக் கணக்கு எழுதும் வேலை. என் அம்மா முதல் இரண்டு வாரம் கூட இருந்தார். பிறகு முழங்கால் வலி அதிகமாகித் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். அதிலிருந்து நான்தான்.

தனிமை இல்லை என்று சொல்லவில்லை. பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடு ஒரு மாதிரி அமைதியாகும். அது இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்குப் பொழுது போகாதது பிரச்சினையே இல்லை. இரண்டு பேர் பார்த்த வேலையை ஒருவர் பார்க்கிறார், அந்த வேலை என்னவென்பதே அவருக்கு முழுதாகத் தெரியாது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

போவதற்கு முன் என் மனைவி ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனாள். டாக்டர் நம்பர், பள்ளி நம்பர், தடுப்பூசித் தேதி, எந்தப் பில் எப்போது கட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. அரை மணி நேரம் விளக்கினாள். நான் “சரி, பார்த்துக்கிறேன்” என்றேன். அந்தத் தாளில் இல்லாதவைதான் பிறகு என்னைப் படுத்தி எடுத்தன. வியாழக்கிழமை தோறும் மகளின் டைரியில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். பையன் அம்மாவின் பழைய துப்பட்டாவின் ஒரு மூலையை விரலால் நெருடிக்கொண்டேதான் தூங்குவான், வேறு மூலை கொடுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவான். வாஷிங் மெஷின் கதவை முழங்காலால் ஒரு தடவை முட்டினால்தான் ஓடும். அவள் மறைக்கவில்லை. தினமும் கை பழகிப்போனதை யாரும் வேலை என்று நினைத்து எழுதி வைப்பதில்லை.

இதைவிடப் பெரிய கூத்து ஓடிபி. பள்ளிக் கட்டணம், வங்கிக் கணக்கு, கேஸ் புக்கிங், மருத்துவமனைப் பதிவு, எல்லாம் அவள் நம்பரில். அந்தப் போன் காலை 8 மணியிலிருந்து மாலை 5:30 வரை பயிற்சி மையத்தின் லாக்கரில் கிடக்கும். ஆக, நான் பகலில் பொத்தானை அழுத்தினால் ஆறு எண்கள் எங்கோ ஓர் இரும்புப் பெட்டிக்குள் ஒலித்து அடங்கும். முதல் மாதம் இரண்டு கட்டணத்துக்கு அபராதம் கட்டினேன். யாராவது பயிற்சிக்குக் கிளம்புகிறார்கள் என்றால் பெட்டி அடுக்குவதற்கு முன்னால் இதை மாற்றச் சொல்லுங்கள்.

மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி, 11:20 இருக்கும், வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. ஜன்னலில் பார்த்தால் பக்கத்து வீடுகளில் வெளிச்சம். மெயின் போர்டில் பெரிய சுவிட்ச் கீழே விழுந்திருந்தது. தூக்கினேன், பட்டென்று விழுந்தது. மறுபடி தூக்கினேன், மறுபடி விழுந்தது. எங்கள் வீட்டில் ஸ்க்ரூடிரைவர் பிடிப்பது என் மனைவி. மின்னணுவியல் படித்தவள். நான் அந்தப் போர்டைத் திறந்து பார்த்ததுகூட இல்லை. போன் செய்தால் அணைத்து வைத்திருக்கிறாள், மறுநாள் காலையில் அவளுக்குத் தேர்வு. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மகள் சொன்னாள்: “அம்மா எல்லா குட்டி சுவிட்சையும் கீழ தள்ளிட்டு, பெரிசப் போட்டுட்டு, அப்புறம் ஒண்ணொண்ணா போடுவாங்கப்பா.”

அப்படியே செய்தேன். ஐந்தாவது குட்டி சுவிட்சைத் தூக்கியதும் பெரியது விழுந்தது. குளியலறை வாட்டர் ஹீட்டர். அதை மட்டும் கீழே விட்டுவிட்டு மற்றதையெல்லாம் போட்டேன், விளக்கு எரிந்தது. மறுநாள் வந்த எலெக்ட்ரீஷியன் ஹீட்டரின் காயில் ஓட்டையாகி மின்சாரம் கசிவதாகச் சொன்னார். அந்தப் பெரிய சுவிட்ச் 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே வெட்டிவிடுமாம், ஆளைக் காப்பாற்ற வைத்த சாதனம். அதை வலுக்கட்டாயமாகப் பிடித்து நிறுத்தப் பார்க்காதது என் நல்ல நேரம் என்றார். மெயின் போர்டைப் பற்றித் தாளில் ஒரு வரி கிடையாது. பார்த்துக்கொண்டு நின்ற 6 வயதுப் பெண்ணின் தலையில்தான் அது இருந்தது.

இதெல்லாம் இப்போது சொன்னால் சிரிப்பாக இருக்கிறது. அடுத்தது அப்படி இல்லை.

இரண்டாவது மாதத்தில் பையனுக்கு 102 டிகிரி காய்ச்சல். ராத்திரி 2 மணி. முன்பு ஒரு முறை டாக்டர் பாராசிட்டமால் சிரப் 7 மில்லி கொடுக்கச் சொன்னது நினைவிருந்தது. அலமாரியில் கைவிட்டு எடுத்தேன், மூடியில் 7 மில்லி ஊற்றினேன். பையன் வாயைத் திறக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தான். அந்த அரை நிமிஷத்தில் கண் பாட்டில் மேல் போனது. 5 மில்லியில் 250 மில்லிகிராம் என்று போட்டிருந்தது. அது மகளுடைய பாட்டில். பையனுடையது 5 மில்லியில் 120. இரண்டும் ஒரே உயரம், ஒரே மூடி, ஒரே நிறத் திரவம். குழந்தைக்கு இந்த மருந்து ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரைதான். என் பையன் 13 கிலோ. அவனுடைய பாட்டிலில் 7 மில்லி என்றால் 168 மில்லிகிராம். நான் ஊற்றி வைத்திருந்தது 350. தினமும் கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்தக் கணக்கை மனதில் போட நேரம் ஆகவில்லை. கைதான் நடுங்கியது. சிங்க்கில் கொட்டிவிட்டு, சரியான பாட்டிலை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் மூன்று தடவை படித்துவிட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் இரவு 8:40-க்கு அவள் கூப்பிட்டாள்.

“பசங்க எப்படி இருக்காங்க?”

“சரியா இருக்காங்க. லேசா காய்ச்சல், இப்ப பரவாயில்ல. உனக்கு?”

“எல்லாம் சரியாப் போகுது.”

“சரி.”

“சரி, தூங்குங்க.”

மூன்றாம் நாள் மகள் போனைப் பிடுங்கி, “அப்பா தம்பிக்கு என் மருந்தைக் குடுக்கப் பாத்தாரும்மா, அப்புறம் உக்காந்து அழுதாரு” என்று சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “ஏன் என்கிட்ட சொல்லல?” என்றாள். உனக்குப் பரீட்சை நேரம், கவலைப்பட வேண்டாமென்றுதான் என்றேன். அதற்கு அவள் சொன்னது: போன வாரமே சிமுலேட்டர் தேர்வில் அவள் தவறிவிட்டாள். திரையில் ஒரே நேரத்தில் ஏழு விமானம், இரண்டை மிக அருகில் விட்டுவிட்டாள். இன்னும் ஒரு வாய்ப்புத்தான் இருக்கிறது. அதையும் என்னிடம் “எல்லாம் சரியாப் போகுது” என்றுதான் சொல்லியிருந்தாள்.

அன்றைக்குத்தான் அவள் டெனெரீஃப் விபத்தைப் பற்றிச் சொன்னாள். அவர்களுக்கு வகுப்பில் அதை வரி வரியாகப் படிக்கக் கொடுத்திருக்கிறார்கள். 1977 மார்ச் 27, ஸ்பெயினைச் சேர்ந்த கேனரித் தீவுகளில் டெனெரீஃப் விமான நிலையம். மூடுபனி. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவருக்கு ஓடுபாதை தெரியவில்லை. ஒரு ஜம்போ விமானம் ஓடுபாதையின் முனையில் கிளம்பத் தயாராக நிற்கிறது. இன்னொரு ஜம்போ அதே பாதையில் எதிரே வந்துகொண்டிருக்கிறது. முதல் விமானத்தின் விமானி தெளிவில்லாத ஒரு வாக்கியம் சொன்னார். புறப்படும் இடத்தில் நிற்கிறோம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், புறப்பட்டுவிட்டோம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். கோபுரத்திலிருந்து முதலில் வந்த சொல் “ஓகே”. சின்ன இடைவெளி விட்டு, “காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்” என்றார் கட்டுப்பாட்டாளர். அதே நொடியில் எதிரே வந்த விமானமும், நாங்கள் இன்னும் பாதையில்தான் இருக்கிறோம் என்று பேசியது. இரண்டு பேச்சும் ஒன்றோடொன்று கலந்து ஒரே இரைச்சல். முதல் விமானத்தில் தெளிவாகக் கேட்டது அந்த “ஓகே” மட்டும்தான். இரண்டு விமானமும் மோதி 583 பேர் இறந்துபோனார்கள்.

காரணங்கள் பல உண்டு, அந்த ஒரு சொல் மட்டும் இல்லை என்றும் அவளே சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் பேசும் முறையை இறுக்கிவிட்டார்கள். ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை அதற்கான அனுமதியைக் கொடுக்கும்போதோ ரத்து செய்யும்போதோதான் கோபுரத்திலிருந்து சொல்வார்கள், மற்ற நேரத்தில் வேறு சொல். முக்கியமான உத்தரவைக் கேட்டவர் வெறுமனே ‘சரி’ என்று சொல்லக் கூடாது. கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் கொடுத்தவர் திருத்த வேண்டும்.

அன்று முதல் எங்கள் போனில் ‘சரி’ கிடையாது. ‘எல்லாம் நல்லா இருக்கு’ என்பதும் கிடையாது. நான் நடந்ததைச் சொல்வேன், அவள் திருப்பிச் சொல்வாள். “பையனுக்குக் காய்ச்சல் 100-க்கு இறங்கிருச்சு, கடைசியா மருந்து கொடுத்தது 6 மணிக்கு, அவனுடைய பாட்டில்தான்” என்று அவள் திருப்பிச் சொல்லும்போது முதலில் இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்தது. ஏதோ கோபுரத்திலிருந்து பேசுகிற மாதிரி. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பதினைந்து நிமிஷப் பேச்சில் முதல் ஐந்து நிமிஷம் இதற்கு. மிச்சத்தில் என்ன வேண்டுமானாலும் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். “இன்னைக்கு என்னால முடியல” என்று நான் சொன்னால், அவள் ஆறுதல் சொல்ல முந்துவதில்லை. “இன்னைக்கு உங்களால முடியல” என்று திருப்பிச் சொல்கிறாள். அதைக் கேட்பதே எனக்குப் போதுமாக இருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

வாரத்துக்கு ஒரு நாள் மகளுக்கென்று பாடமும் உண்டு. வானொலியில் எண் தப்பாகக் கேட்கக் கூடாது என்பதற்காக ஆங்கிலத்தில் மூன்றை ‘ட்ரீ’ என்றும் ஐந்தை ‘ஃபைஃப்’ என்றும் ஒன்பதை ‘நைனர்’ என்றும் சொல்கிறார்கள். இவள் மாடிப்படி ஏறும்போது அப்படித்தான் எண்ணுகிறாள். பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போதும் நைனர் வந்து, டீச்சர் டைரியில் என்னை வந்து பார்க்கச் சொல்லி எழுதி அனுப்பினார். நல்லவேளை, அது வியாழக்கிழமை. நான் டைரியைத் திறந்தேன்.

நேரம் சொல்வதிலும் ஒரு கூத்து நடந்தது. அங்கே எல்லாக் கணக்கும் உலகப் பொது நேரத்தில். நாளைக்கு 0430-க்குத் தேர்வு என்று செய்தி அனுப்பியிருந்தாள். நான் அலாரம் வைத்து விடியற்காலை 4:20-க்கு எழுந்து போன் அடித்து வாழ்த்துச் சொன்னேன். அது நம் நேரத்துக்குக் காலை 10 மணியாம். நல்ல தூக்கத்திலிருந்தவளை எழுப்பி விட்டதுதான் மிச்சம்.

பயிற்சி மையத்தைப் பற்றியும் எனக்கு ஒரு குறை உண்டு. பெயர் சொல்ல விரும்பவில்லை, எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று கேள்விப்படுகிறேன். 12-ஆவது வார முடிவில் 4 நாள் விடுமுறை என்று சொல்லியிருந்தார்கள். என் மகள் வண்ணக் காகிதத்தை வெட்டி, நாளுக்கு ஒரு வளையமாகச் சங்கிலி செய்து சுவரில் மாட்டியிருந்தாள். தினமும் தூங்கும் முன் ஒரு வளையத்தைக் கிழிப்பாள், தம்பி அதைக் குப்பையில் போடுவான். நாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ‘அடுத்த மாதம்’ என்றால் ஒன்றும் விளங்காது. சங்கிலி குட்டையாவது விளங்கும். கடைசி 3 வளையம் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை சாயங்காலம், விடுமுறை 3 வாரம் தள்ளிப்போகிறது என்று மையத்தில் அறிவித்தார்கள்.

அன்று ராத்திரி நானும் மகளும் தரையில் உட்கார்ந்து 21 வளையம் புதிதாக ஒட்டினோம். இல்லை, நான் ஒட்டினேன். அவள் பசை டப்பாவை மூடிய கையை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் அவள் விரலை விலக்கித்தான் பசை எடுக்க வேண்டியிருந்தது. பையன் பழைய மூன்று வளையத்தையும் ஒரே இழுப்பில் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, “அம்மா வந்தாச்சு” என்றான்.

பயிற்சி தரும் நிறுவனங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. போன் எந்த நேரத்தில் கையில் இருக்கும், தேர்வு நாட்கள் எவை என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் இருப்பவருக்கும் அனுப்புங்கள். அவசரத்துக்கு மனிதர் எடுத்துப் பேசுகிற ஒரு நம்பர் கொடுங்கள். விடுமுறை மாறினால் ஒரு வாரம் முன்பாவது சொல்லுங்கள். பயிற்சியில் இருப்பவர் பாதிதான் அங்கே இருக்கிறார், மீதிப் பாதிக்கு நாங்கள்தான் இங்கே ஆள் நிற்கிறோம்.

பிறகு அவள் வந்தாள். அந்த 4 நாளைப் பற்றி யாரும் எச்சரித்திருக்கவில்லை. முதல் நாள் காலை அவள் டீத்தூள் எடுக்க மேல்தட்டில் கையை நீட்டினாள், அங்கே நான் பேட்டரியும் டார்ச்சும் வைத்திருந்தேன். கை அந்தரத்தில் நின்றது. “மாத்திட்டீங்களா?” என்றாள், கோபமில்லாமல்தான். அன்று இரவு பையன் கனவு கண்டு அழுது எழுந்தான். இருவரும் ஓடினோம். அவன் அம்மாவைத் தாண்டி என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டான். கையில் அந்தத் துப்பட்டா. அதன் சொந்தக்காரி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவனை அவளிடம் கொடுத்திருக்க வேண்டுமா, வைத்திருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்று வைத்துக்கொண்டேன்.

பிறகு தேடிப் படித்தபோது ஒன்று கிடைத்தது. அமெரிக்கக் கடற்படையில் கணவர் கப்பலுக்குப் போகும் குடும்பங்களைப் பார்த்து, கேத்லீன் வெஸ்டல் லோகன் என்பவர் 1987-இல் இந்தப் பிரிவை ஏழு கட்டமாகப் பிரித்து எழுதியிருக்கிறார். முதல் இரண்டு கட்டமும் ஆள் கிளம்புவதற்கு முன்பே நடக்கின்றன, அந்தச் சமயத்தில் சண்டை வருவது சகஜமாம். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் நாங்கள் பெட்டியின் ஜிப்புக்காகப் போட்ட சண்டை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆறாவது கட்டம் ஆள் திரும்பி வந்த பிறகு வருவது. அதற்கு அவர் வைத்த பெயர், கல்யாண ஒப்பந்தத்தை மறுபடி பேசி முடிப்பது. எங்களுக்கு அது டீத்தூள் டப்பாவில் தொடங்கியது.

மூன்றாம் நாள் அவளே ஒரு வழி சொன்னாள். அவர்கள் வேலையில் ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்து அடுத்தவர் உட்காரும்போது, வானிலை, ஓடுபாதை, எந்த விமானம் எங்கே இருக்கிறது, எந்தக் கருவி பழுது, பாதியில் நிற்கும் வேலை என்ன என்று பட்டியல் பார்த்துத்தான் ஒப்படைப்பார்கள். ஒப்படைத்த பிறகும் எழுந்தவர் உடனே போய்விடுவதில்லை, சில நிமிஷம் பின்னால் நின்று பார்ப்பார். அன்று காலை சமையலறையில் அவள் முன்னால், நான் பின்னால். எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை, கேட்டால் மட்டும் சொன்னேன். அவள் திரும்பிப் போகும் நாளில் இடம் மாறி நின்றோம். அந்த ஃபிரிட்ஜ் தாள் இப்போது மூன்று தாளாகிவிட்டது, பாதி என் கையெழுத்து. வாஷிங் மெஷின் முழங்கால் முட்டு முதல் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு மருந்துப் பாட்டிலும் வேறு வேறு தட்டில், பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது. மறு தேர்வில் அவள் தேறிவிட்டாள், அதையும் சொல்ல வேண்டுமில்லையா.

எனவே அந்தப் பெண்மணிக்கு உங்கள் பக்கத்தின் வழியாக என் பதில்: கலை எல்லாம் அப்புறம் கற்றுக்கொள்ளலாம். இன்றைக்கு இரவு கணவர் கூப்பிடும்போது, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அவர் ‘சரி’ என்றால், நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பெயரை வெளியிட வேண்டாம். சுருக்குவதென்றால் தாராளமாகச் சுருக்குங்கள். ஆனால் எங்கோ ஒரு படிவத்தில் ‘மனைவி வெளியூரில் பயிற்சியில்’ என்று நான் எழுதிக் கொடுத்ததை, எழுத்துப்பிழை என்று நினைத்து ‘கணவர்’ என்று திருத்தித் தட்டச்சு செய்துவிட்டார்கள். உங்கள் அலுவலகத்தில் இதைப் பார்க்கும் நண்பர் தயவுசெய்து ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்க்கட்டும்: பயிற்சிக்குப் போயிருப்பது மனைவி. வீட்டில் இருப்பது கணவர்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்